சிவப்புக் கூன்வண்டின் மரபணுத்தொகை

சிவப்புக் கூன்வண்டின் மரபணுத்தொகை என்பது, தென்னை, பேரீச்சை, பனை முதலிய மரங்களின் தண்டைக் குடைந்து அழிக்கும் சிவப்புக் கூன்வண்டு (அறிவியல் பெயர்: ரிங்கோஃபோரஸ் ஃபெர்ருகினியஸ்) என்னும் பூச்சியின் உயிரணுக்களில் உள்ள முழு டி.என்.ஏ. தொகுதியைக் குறிக்கும். இவ்வண்டு தெற்காசியாவையும் தென்கிழக்காசியாவையும் தாயகமாகக் கொண்டது. இதன் மரபணுத்தொகை 2020 ஆம் ஆண்டில் ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த ஆய்வுக் குழுவாலும், 2021 ஆம் ஆண்டில் சவூதி அரேபியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் இணைந்த மற்றொரு குழுவாலும் தொகுத்து வெளியிடப்பட்டது. இவ்விரு தொகுப்புகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு, மரபணுத்தொகை ஆய்வுகளின் முடிவுகளை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

பெயரும் வகைப்பாடும்

இவ்வண்டை பிரான்சு நாட்டுப் பூச்சியியலாளர் கியோம் அந்துவான் ஒலிவியே 1790 ஆம் ஆண்டில் அறிவியல் முறைப்படி விவரித்தார். வண்டுகள் வரிசையில் கூன்வண்டுகள் என்னும் பெரும் பிரிவில் இது அடங்கும். தலையின் முன்பகுதி நீண்டு வளைந்த அலகு போல் அமைந்திருப்பது இப்பிரிவின் அடையாளம். வளர்ந்த வண்டு ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளமும் செம்பழுப்பு நிறமும் கொண்டது. முதுகில் கருநிறப் புள்ளிகள் காணப்படும். ஆண் வண்டின் அலகின் மேல் மென்மயிர்க் கற்றை உண்டு. பெண் வண்டுக்கு அது இல்லை. இதைக் கொண்டே இரண்டையும் வெறுங்கண்ணால் பிரித்தறியலாம்.

தென்கிழக்காசியாவில் காணப்படும் ரிங்கோஃபோரஸ் வல்னெரேட்டஸ் என்னும் இனம் நெடுங்காலமாக இதனுடன் சேர்த்தே எண்ணப்பட்டு வந்தது. இரண்டும் வெவ்வேறு இனங்களே என்பதை 2013 ஆம் ஆண்டில் வெளியான டி.என்.ஏ. ஒப்பீட்டு ஆய்வு உறுதி செய்தது. 2010 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சிவப்புக் கூன்வண்டு எனக் கருதப்பட்டு அச்சத்தை ஏற்படுத்திய வண்டு, உண்மையில் இந்த இரண்டாவது இனமே என்பது பின்னர் தெரியவந்தது.

வாழ்க்கைச் சுழற்சி

பெண் வண்டு மரத்தின் காயங்களிலும் வெடிப்புகளிலும் இளம் மட்டைகளின் அடியிலும் தன் அலகால் துளையிட்டு முட்டையிடுகிறது. ஒரு வண்டு தன் வாழ்நாளில் 200 முதல் 300 முட்டைகள் வரை இடக்கூடும். சில நாட்களில் முட்டையிலிருந்து கால்களற்ற, வெண்மஞ்சள் நிறப் புழு வெளிவருகிறது. இப்புழுவே உண்மையான அழிவாளி. இது ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை தண்டின் உள்ளே இருக்கும் மென்திசுவைத் தின்று 50 மில்லிமீட்டர் வரை வளரும். பின்னர் மரநார்களைச் சுற்றிக் கூடு அமைத்து, அதனுள் கூட்டுப்புழுவாக இரண்டு அல்லது மூன்று வாரங்கள் இருந்து வண்டாக வெளிவருகிறது. முட்டை முதல் வண்டு வரையிலான சுழற்சி பொதுவாக மூன்று அல்லது நான்கு மாதங்களில் முடிகிறது. ஒரே தண்டினுள் பல தலைமுறைகள் ஒருங்கே வாழ்வதும் உண்டு.

தென்னை, பனை முதலியவை ஒருவித்திலைத் தாவரங்கள். இவற்றுக்கு மா, வேம்பு போன்ற மரங்களில் உள்ளதைப் போன்று தண்டைப் பருக்கச் செய்து காயத்தை மூடும் வளர்திசு இல்லை. எனவே தண்டில் ஏற்பட்ட துளை ஆறி மூடுவதில்லை. மேலும், இம்மரங்களுக்குக் கொண்டையில் உள்ள ஒரே குருத்துதான் வளர்முனை. புழு அதனை எட்டிவிட்டால் மரம் பிழைக்காது.

மரநோய்களுடனான தொடர்பு

சிவப்புக் கூன்வண்டு ஏற்படுத்தும் சேதம், நுண்ணுயிரால் வரும் நோய் அன்று. பூச்சித் தாக்குதலே ஆகும். எனினும் நோயும் வண்டும் ஒரே காயத்தின் வழியே மரத்தினுள் நுழையக்கூடும். காண்டாமிருக வண்டு தென்னையின் குருத்தைத் துளைக்கும்போது ஏற்படும் காயம் இரண்டுக்கு வழிவிடுகிறது: ஒன்று, சிவப்புக் கூன்வண்டு முட்டையிட இடம் கிடைக்கிறது, மற்றொன்று, குருத்தழுகல் நோயை உண்டாக்கும் ஃபைட்டோப்தோரா நுண்ணுயிரி நுழைய வாயில் கிடைக்கிறது. இதே பேரினத்தைச் சேர்ந்த ரிங்கோஃபோரஸ் பால்மாரம் என்னும் அமெரிக்க வண்டு, செவ்வளைய நோயை உண்டாக்கும் நூற்புழுவை மரத்திற்கு மரம் சுமந்து செல்லும் நேரடி நோய்பரப்பி ஆகும். அந்நோய் அமெரிக்க வெப்பமண்டலத் தென்னைகளைத் தாக்குகிறது.

செங்கல்பட்டு – மாமல்லபுரம் கடற்கரையில்

2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரை, கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் ஆகிய ஊர்களைக் கடந்து பாலாற்றின் முகத்துவாரத்திற்குத் தெற்கேயும் நீள்கிறது. மணற்பாங்கான இப்பகுதியில் தென்னையும் பனையும் சவுக்கும் பரவலாகக் காணப்படுகின்றன. இவற்றுள் தென்னையும் பனையும் சிவப்புக் கூன்வண்டின் உணவு மரங்கள். வறண்ட மேட்டு நிலங்களில் வளரும் ஈச்ச மரமும் அவ்வாறே.

இக்கடற்கரைக்குப் புயல்கள் புதியவை அல்ல. 2016 டிசம்பர் 12 இல் வர்தா புயல் சென்னை அருகேயும், 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேயும் கரையைக் கடந்தன. புயலுக்கும் வண்டுக்கும் உள்ள தொடர்பு எளிதாகக் கண்ணுக்குப் படுவதில்லை. காற்றில் மட்டை முறிந்து தண்டில் காயம் ஏற்பட்ட மரங்களிலிருந்து கசியும் சாறு புளிக்கும்போது எழும் மணம் கூன்வண்டுகளைத் தொலைவிலிருந்து ஈர்க்கிறது. விழுந்து அகற்றப்படாமல் கிடக்கும் தண்டுகள் மட்கும்போது காண்டாமிருக வண்டின் இனப்பெருக்க இடமாகின்றன. அவ்வண்டு ஏற்படுத்தும் காயங்கள் மீண்டும் கூன்வண்டுக்கு இடம் தருகின்றன. எனவே புயலில் பிழைத்த மரம், அடுத்த சில மாதங்களில் வண்டுக்கு இரையாகக்கூடும்.

பொதுவாக 5 முதல் 20 வயது வரையிலான இளந்தென்னைகளே மிகுதியாகத் தாக்கப்படுகின்றன. தண்டில் சிறு துளைகள், அவற்றிலிருந்து வடியும் செம்பழுப்பு நிறச் சாறு, வெளித்தள்ளப்பட்ட மென்ற நார், நடுக்குருத்து வாடுதல் ஆகியவை அறிகுறிகள். தண்டின் மேல் காதை வைத்துக் கேட்டால் புழுக்கள் கடிக்கும் ஓசையைக் கேட்க முடியும். ஆனால் குருத்து வாடிய பின்னர் பெரும்பாலும் மரத்தைக் காப்பாற்ற இயலாது. காய்க்கத் தொடங்கிய மரம் ஒன்றை இழக்கும் உழவர், பல ஆண்டு உழைப்பையும் அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு வரவேண்டிய வருவாயையும் சேர்த்தே இழக்கிறார்.

இந்திய ஆய்வுகள்

இந்தியாவில் தென்னையின் முதன்மையான பூச்சிகளுள் ஒன்றாக இவ்வண்டை எச். மாக்ஸ்வெல் லெஃப்ராய் 1906 ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தார். கேரளத்தில் தென்னைப் பூச்சிகளை ஆராய்ந்த கே. கே. நிருலா, 1956 இல் இவ்வண்டின் வாழ்க்கை முறையைப் பற்றி விரிவாக எழுதினார். மும்பையின் டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் 1970களில் இவ்வண்டைச் செயற்கை உணவில் வளர்க்கவும், கதிர்வீச்சால் ஆண் வண்டுகளை மலடாக்கவும் ஆய்வுகள் நடைபெற்றன. காசர்கோட்டில் தலைமையிடம் கொண்ட மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனமும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையங்களும் கட்டுப்பாட்டு முறைகளை வகுத்து உழவர்களுக்குப் பரிந்துரைத்து வருகின்றன.

உலகப் பரவல்

1980களின் நடுப்பகுதியில் இவ்வண்டு அரேபிய வளைகுடா நாடுகளின் பேரீச்சைத் தோட்டங்களில் தோன்றியது. 1990களின் தொடக்கத்தில் எகிப்தையும் அதையொட்டி ஸ்பெயினையும் அடைந்தது. பின்னர் இத்தாலி, பிரான்சு முதலிய மத்தியதரைக்கடல் நாடுகளில் அழகுக்காக வளர்க்கப்பட்ட ஈச்சையினப் பனைகளை அழித்தது. வண்டு தானே பறந்து கடந்த தொலைவைவிட, புழுவுடன் கூடிய மரக்கன்றுகளும் வளர்ந்த மரங்களும் வணிகப் பொருளாக இடம் பெயர்க்கப்பட்டதே இப்பரவலுக்கு முதன்மைக் காரணம். 2017 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பு உரோம் நகரில் இவ்வண்டுக்கெனவே பன்னாட்டுக் கூட்டம் ஒன்றை நடத்தியது. ஸ்பெயினின் கேனரித் தீவுகள் இவ்வண்டை முற்றாக ஒழித்துவிட்டதாக 2016 இல் அறிவித்தன. அத்தகைய வெற்றி அரிதாகவே கிட்டியுள்ளது.

தாயகத்தில் தென்னையின் பூச்சியாக இருந்த ஒன்று, பேரீச்சை நாடுகளின் பொருளாதாரச் சிக்கலாக மாறியதால்தான் அதன் மரபணுத்தொகையைப் படிக்கும் பணியை வளைகுடா நாடுகளின் நிறுவனங்கள் முன்னின்று மேற்கொண்டன.

மரபணுத்தொகை வரிசைப்படுத்தல்

டி.என்.ஏ. மூலக்கூறு அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு வகை காரங்களின் நீண்ட தொடராகும். இத்தொடரை முதலிலிருந்து இறுதி வரை ஒரே மூச்சில் படிக்கும் கருவி இல்லை. டி.என்.ஏ. பல கோடித் துண்டுகளாகப் படிக்கப்படுகிறது. துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும் இடங்களைக் கணினி நிரல்கள் கண்டறிந்து, அவற்றை மீண்டும் நீண்ட தொடராக இணைக்கின்றன. இப்பணி தொகுத்தல் எனப்படும். சில கருவிகள் பிழை குறைந்த குறுந்துண்டுகளையும், சில பிழை மிகுந்த நெடுந்துண்டுகளையும் தருகின்றன. இரண்டையும் கலந்து பயன்படுத்துவது கலப்புத் தொகுப்பு ஆகும்.

2020 தொகுப்பு

அல் அய்ன் நகரில் உள்ள ஐக்கிய அரபு அமீரகப் பல்கலைக்கழகத்தின் கலீஃபா மரபணுப் பொறியியல் மற்றும் உயிரித் தொழில்நுட்ப மையத்தைச் சேர்ந்த காலித் ஹசூரி, காலித் அமீரி ஆகியோரின் குழு, இல்லுமினா கருவியின் 150 கார நீளக் குறுந்துண்டுகள், ஆக்சுஃபோர்டு நானோபோர் நெடுந்துண்டுகள், 10எக்சு ஜீனோமிக்சு முறை ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கலப்புத் தொகுப்பை உருவாக்கியது. இதன் அளவு ஏறத்தாழ 78 கோடி காரங்கள். தொகுப்பின் பாதிப் பகுதி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 கோடி காரங்களோ அதற்கு மேலோ நீளமுள்ள துண்டுகளில் அடங்கியிருந்தது. துண்டுகள் நீளமாக இருக்க இருக்க மரபணுக்கள் நிறப்புரியில் அமைந்துள்ள வரிசையை அறிவது எளிதாகும்.

2021 தொகுப்பு

சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல் அசீசு அறிவியல் தொழில்நுட்ப நகரத்தின் மனீ மனீ, அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கேசி பெர்க்மன், கில்யெர்மே டயசு முதலியோர் அடங்கிய குழு, ஒரே ஒரு வண்டிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை 10எக்சு ஜீனோமிக்சு முறையில் படித்தது. ஒவ்வோர் இடமும் சராசரியாக 62 முறை படிக்கப்பட்டது. தாய், தந்தை ஆகிய இரு வழிகளில் வந்த டி.என்.ஏ. படிகளும் தனித்தனியே பிரித்துத் தொகுக்கப்பட்டன. இவற்றுள் பெரிய படியின் அளவு ஏறத்தாழ 59 கோடி காரங்கள். அதில் புரதத்தை உருவாக்கும் 23,413 மரபணு இடங்கள் அடையாளம் காணப்பட்டன.

இரு தொகுப்புகளின் வேறுபாடு

ஒரே இனத்தின் மரபணுத்தொகை ஒரு தொகுப்பில் 78 கோடியாகவும் மற்றொன்றில் 59 கோடியாகவும் இருப்பதற்குக் காரணம் தொகுக்கும் முறையில் உள்ளது. ஒரு நூலை இரு எழுத்தர்கள் படியெடுத்த இரண்டு ஓலைச்சுவடிகள் கட்டவிழ்ந்து ஒன்றாகக் கலந்துவிட்டன எனக் கொள்வோம். இரண்டிலும் ஒன்றுபோல் இருக்கும் பாடல்களை ஒரே பாடல் என எளிதில் உணரலாம். பாடபேதம் மிகுந்த பாடல்களை, பதிப்பாசிரியர் இரு வேறு பாடல்கள் எனக் கருதி இரண்டையும் நூலில் சேர்த்துவிடக்கூடும். அப்போது அச்சிடப்படும் நூல் மூலநூலைவிடப் பெரியதாகிவிடும். வண்டின் தாய்வழிப் படிக்கும் தந்தைவழிப் படிக்கும் இடையே வேறுபாடு மிகும் இடங்களிலும் இதுவே நிகழ்கிறது. முந்தைய கலப்புத் தொகுப்பில் இத்தகைய போலி இரட்டிப்புகள் உள்ளன என்பதை 2021 ஆய்வுக் குழு சுட்டிக்காட்டியது. கணுக்காலிகளில் பொதுவாக ஒரே ஒரு படியாக மட்டும் காணப்படும் மரபணுக்களைத் தேடி, அவை எத்தனை முறை வருகின்றன என எண்ணிப் பார்ப்பதே இதற்கான சோதனையாகும்.

இது வெறும் கணக்குச் சிக்கல் அன்று. பூச்சிக்கொல்லியைச் சிதைக்கும் மரபணு ஒன்று உண்மையிலேயே இரட்டித்திருந்தால், அவ்வண்டு அந்த மருந்துக்குப் பணியாமல் போகும் வாய்ப்பு உண்டு. தொகுப்பின் பிழையால் அது இரட்டித்ததாகத் தோன்றினால், அம்முடிவு தவறாகிவிடும். எனவே மரபணு இரட்டிப்பு பற்றிய முடிவுகளை ஒன்றுக்கு மேற்பட்ட தொகுப்புகளிலும், வெவ்வேறு இடங்களில் பிடிக்கப்பட்ட வண்டுகளிலும் சரிபார்ப்பது தேவையாகிறது.

கண்டறியப்பட்ட மரபணுக்கள்

நச்சு நீக்கம்: தாவரங்கள் தம்மைக் காத்துக்கொள்ள உருவாக்கும் நச்சுப் பொருட்களையும், மனிதர் தெளிக்கும் பூச்சிக்கொல்லிகளையும் சிதைக்கும் பி450 நொதிகள், குளூட்டாதயோன் எசு-டிரான்சுபெரேசு நொதிகள் ஆகியவற்றுக்கான மரபணுக்களில் இரட்டிப்புகள் உள்ளன என 2020 ஆய்வு தெரிவித்தது. நரம்பு உயிரணுக்களில் உள்ள ஓர் ஏற்பியை உருவாக்கும் ஆர்.டி.எல். மரபணுவும் இவ்வாறு குறிப்பிடப்பட்டது. டயல்ட்ரின் மருந்துக்கு எதிர்ப்புக் காட்டிய பழ ஈக்களில் முதலில் அறியப்பட்டதால் இம்மரபணு அப்பெயர் பெற்றது. ஃபிப்ரோனில் என்னும் பூச்சிக்கொல்லியும் இதே ஏற்பியையே தாக்குகிறது.

செல்சுவர் செரிமானம்: தாவரச் செல்சுவரின் கூட்டுச்சர்க்கரைகளைச் சிதைக்கும் கிளைக்கோசில் ஐதரோலேசு நொதிகளுள் ஜி.எச்.16 என்னும் குடும்பம் இவ்வண்டில் இயற்கைத் தேர்வுக்கு உட்பட்டு மாறியுள்ளது. இக்குடும்பம் வண்டின் முன்னோரிடமிருந்து வழிவழியாக வராமல், வேறோர் உயிரினத்திலிருந்து குறுக்குவழியாக வந்ததாகத் தோன்றுகிறது என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இவ்வாறு மரபணு இடம் பெயர்வது கிடைவழி மரபணு மாற்றம் எனப்படும்.

மணம் உணர்தல்: ஆண் வண்டு ஃபெர்ருகினியால் என்னும் மணப்பொருளை வெளியிட்டு ஆண், பெண் ஆகிய இருபால் வண்டுகளையும் தன் மரத்திற்கு அழைக்கிறது. இம்மணப்பொருள் 1993 இல் இனங்காணப்பட்டது. மணமுணர்தலுக்குப் பொதுவாகத் தேவைப்படும் துணை ஏற்பியின் மரபணுவை ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு முறையில் அடக்கினால், வண்டின் மணமுணரும் திறன் குறைகிறது என 2016 இல் மன்னர் சவூத் பல்கலைக்கழகத்தின் பினு ஆண்டனியும் பிறரும் காட்டினர். இம்மணப்பொருளை உணரும் தனி ஏற்பியையும் இவரது குழு 2021 இல் அடையாளம் கண்டது.

பிற வண்டுகளுடன் ஒப்பீடு

வண்டுகளுள் முதன்முதலில் மரபணுத்தொகை வரிசைப்படுத்தப்பட்டது, மாவில் காணப்படும் செந்நிற மாவு வண்டு ஆகும் (2008). மரநோய் பரப்பும் வண்டுகளுள் வட அமெரிக்காவின் மலைப் பைன் வண்டு குறிப்பிடத்தக்கது. இது நீலக்கறைப் பூஞ்சையைப் பைன் மரங்களுக்குள் கொண்டு செல்கிறது. ஏறத்தாழ 20 கோடி காரங்கள் கொண்ட இதன் மரபணுத்தொகை 2013 இல் வெளியிடப்பட்டது. இதிலும் பாக்டீரியத்திலிருந்து வந்த மரபணு ஒன்று காணப்பட்டது. தென்னையின் மற்றொரு எதிரியான காண்டாமிருக வண்டின் மரபணுத்தொகை 2022 இல் வெளியானது. அவ்வண்டைத் தாக்கும் நச்சுயிரி ஒன்றை 1963 இல் மலேசியாவில் அலாய்சு கூகர் கண்டறிந்தார். 1967 முதல் பசிபிக் தீவுகளில் பயன்படுத்தப்பட்ட அந்நச்சுயிரி, உயிரியல் கட்டுப்பாட்டின் வெற்றிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. சிவப்புக் கூன்வண்டுக்கு அதற்கு இணையான இயற்கை எதிரி எதுவும் வெற்றிகரமாகப் பயன்பாட்டுக்கு வரவில்லை.

தாக்கப்படும் மரங்களின் மரபணுத்தொகைகளும் அறியப்பட்டுள்ளன. பேரீச்சையின் தொகுப்புகள் 2011, 2013 ஆகிய ஆண்டுகளிலும், தென்னையின் தொகுப்பு 2017 இலும் வெளிவந்தன.

பயன்களும் வரம்புகளும்

மரபணுத்தொகையை அறிவதால் மூன்று வகைப் பயன்கள் எதிர்பார்க்கப்படுகின்றன. முதலாவது, வண்டுக்கு மட்டும் தீங்கு செய்யும் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு மருந்துகளுக்கு ஏற்ற மரபணுக்களைத் தேர்ந்தெடுத்தல். இரண்டாவது, மணப்பொருள் ஏற்பியைக் கொண்டு மேலும் சிறந்த ஈர்ப்பு வேதிப்பொருட்களைத் தேடுதல். மூன்றாவது, ஓரிடத்தில் பிடிபட்ட வண்டு எந்நாட்டிலிருந்து வந்தது எனக் கண்டறிந்து தாவரத் தடைக்காப்பு நடவடிக்கைகளை அதற்கேற்ப அமைத்தல்.

தண்டின் ஆழத்தில் வாழும் புழுவுக்கு ஆர்.என்.ஏ. மருந்தைக் கொண்டு சேர்ப்பது எளிதன்று. மேலும், புதிய நாடுகளில் குடியேறிய பூச்சிக் கூட்டங்கள் சில வண்டுகளிலிருந்து மட்டுமே பெருகுவதால் அவற்றின் மரபு வேறுபாடு பொதுவாகக் குறைவாக இருக்கும். தாயகத்தில் நெடுங்காலம் வாழும் கூட்டங்களில் வேறுபாடு மிகுதியாக இருக்க வாய்ப்புண்டு. ஆகவே வளைகுடாப் பகுதியில் கிடைத்த முடிவுகளைத் தமிழ்நாட்டுத் தோப்புகளுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது. இங்குள்ள வண்டுகளின் டி.என்.ஏ.வுடன் ஒப்பிடுதல் இன்றியமையாதது.

தற்போதைய கட்டுப்பாட்டு முறைகள்

மரபணு ஆய்வின் பயன்கள் தோப்பை வந்தடையும் வரை, வண்டு முட்டையிட இடம் தராமல் இருப்பதே முதன்மையான காப்பு முறையாகும்.

1. மரமேறுவதற்காகத் தண்டில் படி வெட்டுவதைத் தவிர்த்தல்.
2. பச்சை மட்டைகளை வெட்ட நேர்ந்தால், தண்டை ஒட்டி வெட்டாமல் ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் அடிமட்டையை விட்டு வெட்டுதல்.
3. தண்டில் ஏற்பட்ட காயங்களில் தார் பூசுதல்.
4. வண்டால் மடிந்த மரங்களையும் புயலில் விழுந்த தண்டுகளையும் தோப்பில் விட்டுவைக்காமல் உடனே அகற்றி அழித்தல்.
5. எருக்குழிகளில் காண்டாமிருக வண்டின் புழுக்களைப் பொறுக்கி அழித்தல்.
6. ஃபெர்ருகினியால் கொண்ட வாளிப் பொறிகளை வைத்தல். எக்டருக்கு ஒரு பொறி என்ற அளவு பரிந்துரைக்கப்படுவதுண்டு. பொறியினுள் நொதிக்கும் கரும்பு அல்லது வெல்லக் கரைசலையும் வைத்தால் ஈர்ப்பு மிகும்.

பொறி வைக்கும்போது அதனை இளந்தென்னையின் மீதே கட்டுவது தவறாகும். மணத்தால் ஈர்க்கப்பட்டுப் பொறியில் விழாத வண்டுகள் அருகிலுள்ள இளமரத்தையே தாக்கக்கூடும். இப்பொறிகள் ஒரு தோப்பில் மட்டும் அமைவதைவிட, அண்டைத் தோப்புகளிலும் ஒரே காலத்தில் அமைக்கப்படும்போதே நல்ல பலன் தருகின்றன.